பண்ணையாரின் இரண்டு இடது கால்கள்

புதிதாகப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் வெள்ளியைத் தட்டிய கை பேனா பிடித்தால் எழுத்துகூட நசுங்கித்தான் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். உலை மூட்டுவதையும் ஒட்டுப்பொடி வைப்பதையும் உங்கள் பட்டறையிலேயே சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டால் கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொள்வீர்கள். நான் எழுதப் போவது என் முட்டாள்தனத்தைப் பற்றி. அதில் என்னிடம் சரக்கு நிறைய இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்துநாலு வயது. தென்காசியில் என் தாய்மாமா பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். மாமா பெரிய கை. அவர் தட்டிய தண்டையைப் போட்ட பெண்கள் வழியைப் பார்த்து நடக்க மாட்டார்கள், காலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அவருக்கு ஒரே மகள், சண்முகவடிவு. எனக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், தெருவில் தயிர் விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். மாமாவின் வாயிலிருந்து மட்டும் அது வரவில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானே கேட்டுவிட்டேன்.

மாமா சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. தட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏலே, ஒம்பது வருசமா என் நெழல்ல உக்காந்து தட்டுத. ஒனக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியல. ஒனக்கே தெரியுமோ என்னமோ. தனியாப் பட்டறை போடு. பெரிய உருப்படியா ஒண்ணு, வேலை பிடிக்கதுலேருந்து ஒப்படைக்கது வரைக்கும் நீயே செய்யணும். என் கை படக்கூடாது, என் வீட்டுக் கை எதுவும் படக்கூடாது. சுத்தமாச் செஞ்சுட்டு வா, பேசுவோம். ஆவணியில செங்கோட்டையிலேருந்து ஒரு எடம் பாக்க வாராவ. அதுக்குள்ள வா."

செங்கோட்டை மாப்பிள்ளை திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. எனக்குச் சட்டையே தீபாவளிக்குத்தான். எனவே, மாமா சொன்ன அன்றைக்கே ரதவீதிக்கு அடுத்த சந்தில் முக்கால் அறை ஒன்றைப் பிடித்து உலை வைத்தேன். சுத்தியல்களும் உளிகளும் என்னுடையவை. தகடு பிடிக்க ஒரு நல்ல கொறடு மட்டும் மாமாவிடம் இரவல்.

ஆனி மாதம் பாதி போனபோது, சாரல் அடித்துக் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், சந்து முனையில் வில்வண்டி ஒன்று வந்து நின்றது. ஆலங்குளத்துப் பக்கத்துப் பெரிய நிலக்காரர், எல்லோரும் பண்ணையார் என்று சொல்லும் மனிதர், இறங்கி வந்தார். மீசை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"ஒன் மாமன் பட்டறையில ஒரே கூட்டம். எனக்குக் காத்துக் கெடக்க நேரம் இல்ல. ஒரு காலு செய்யணும், செய்வியா?" என்றார்.

வேண்டுதலுக்குச் செலுத்தும் உருத் தகடுகள் உங்களுக்குத் தெரியும். கண்ணில் நோய் என்றால் கண், கையில் என்றால் கை, வெள்ளித் தகட்டில் தட்டிக் கோயிலில் போடுவார்கள். பண்ணையாருக்கு மூன்று வருஷமாக வலது முழங்காலில் வலி. போன சாரலில் இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடித்துத்தான் அருவியில் நின்றிருக்கிறார். அடுத்த வருஷம் தனியாக நிற்க வைத்தால் வெள்ளிக் கால் செலுத்துகிறேன் என்று குற்றாலநாதரிடம் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் நின்றுவிட்டார். அதற்காக, கோயில் வாசலில் விற்கிற கட்டைவிரல் நீளத் தகடு ஒன்றை வாங்கிப் போட அவருக்கு மனம் இல்லை.

"எத்தனையோ பேரு காலு அங்கன கெடக்கும். அதுல என் காலு எதுன்னு சாமி எப்படிக் கண்டுபிடிப்பாரு? பாத்த ஒடனே அடையாளம் தெரியணும்லே. முட்டுலேருந்து வெரல் வரைக்கும், அசல் என் காலாவே இருக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு, உருக்கிக்கொள்ள, அடியில் ஓட்டை விழுந்த ஒரு வெள்ளிச் செம்பை என் முன்னால் வைத்தார். எனக்கு மேளச் சத்தமே கேட்டுவிட்டது, தம்பிகளே. முழங்கால் முதல் விரல் வரை, ஒரு முழத் தகட்டில், ஆள் அடையாளத்தோடு ஒரு கால்! இதைவிடப் பெரிய உருப்படி எனக்கு எங்கே கிடைக்கும்?

அவர் காலைப் பார்த்து வரைந்த கதையைத் தனியாக எழுதலாம். பண்ணையாருக்குக் கூச்சம் அதிகம். கரிக்கட்டியை எடுத்து விரல் ஓரமாகக் கொண்டு போனால் போதும், அவ்வளவு பெரிய மனிதர், மீசையோடு, "ஹிஹிஹி" என்று சின்னப் பிள்ளை போல நெளிவார். உடனே வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்து முறைப்பார். அவன் மாட்டைத் தடவிக்கொண்டே எங்கேயோ பார்ப்பான். இப்படி நெளிந்தும் முறைத்தும் ஒரு மணி நேரத்தில் படம் முடிந்தது. கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் மிளகு அளவில் ஒரு மச்சம். எல்லாம் வலது கால், அச்சு அசல்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். தகட்டில் உருவம் எழுப்புகிறவன் அதன் முகத்தில், அதாவது முன்பக்கத்தில், தட்டுவதில்லை. அரக்கில் தகட்டைக் கவிழ்த்து, முதுகில் தட்டுகிறான். முதுகில் பள்ளம் விழ விழ, முகத்தில் மேடு எழும்புகிறது. அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் முதுகில் ஒற்ற வேண்டும். முதுகில் இடது காலாகத் தட்டினால்தான் முகத்தில் வலது காலாக வரும். இதை நம் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளையும் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் மாமா பட்டறையில் ஒன்பது வருஷமும் படம் என் கைக்கு வரும்போதே திருப்பித்தான் வரும். நான் ஒற்றித் தட்டுவேன், அவ்வளவுதான். யார் திருப்புகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சோறு தானாக வெந்து வருகிறது என்று நினைக்கிற ஆம்பிளைகள் உண்டே, அந்த ரகம்.

மனம் வேறு தரையில் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் வடிவு, வடிவு என்றுதான் சுத்தியல் பேசியது. நான் வரைந்த படத்தை வரைந்தபடியே எடுத்து முதுகில் ஒற்றினேன். பதினைந்து நாள் தட்டினேன். நகத்துக்கு நகம் கீறினேன், மச்சத்தை வைத்தேன், பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தேன். வெள்ளி பளபளவென்று சிரித்தது. நானும் சிரித்தேன். என் வேலையைப் பார்த்து நானே மயங்கி நின்றேனே தவிர, அது யார் கால், எந்தக் கால் என்று பார்க்கவில்லை.

ஆடி முதல் வெள்ளி. பண்ணையார் என்னையும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயிலில் தகட்டைச் செலுத்திய கையோடு நேரே மாமா வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுவது என்பது என் திட்டம். வழியில் மேலகரம் தாண்டும்போதே மனதுக்குள் தாலி கட்டி முடித்துவிட்டேன். கோயிலில் பட்டர் தட்டை நீட்டினார். பண்ணையார் பட்டுத்துணியைப் பிரித்து, தகட்டை எடுத்து, ஆசையாகத் தன் வலது கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர் கட்டைவிரல் உள்பக்கம் இருந்தது. தகட்டில் கட்டைவிரல் வெளிப்பக்கம் இருந்தது. மச்சம் இடம் மாறி உள்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் குற்றால அருவி மொத்தமும் தலையில் விழுந்த மாதிரி இருந்தது.

"என்னலே இது, ஒரு மாதிரி இருக்கே?" என்றார் பண்ணையார். "இது எடது காலுல்லா?"

தம்பிகளே, அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். "ஐயா, தப்புப் பண்ணிட்டேன்." அவ்வளவுதான். நாலு நாள் திட்டுவார், ஊர் சிரிக்கும், தகட்டை எடுத்துக்கொண்டு வந்து திருத்தலாம். ஆனால் என் வாய் முந்திக்கொண்டது.

"ஐயா, இது நாம பாக்கதுக்கு இல்ல. சாமி எதிர்ல இருந்துல்லா பாக்காரு? கண்ணாடியில பாக்க மாதிரி. அவரு பக்கத்துலேருந்து பாத்தா இது வலதுதான்."

சொன்ன எனக்கே அது சரி போலத் தோன்றியது. பண்ணையார் தகட்டைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் முப்பது பேர் அர்ச்சனைக்கு நின்றார்கள். பட்டர் அவசரமாக, "ஆமா ஆமா, சாஸ்திரமே அதுதான்" என்று ஒரு போடு போட்டுத் தகட்டை வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. பண்ணையார் என் தோளில் தட்டி, "கெட்டிக்காரன்லே நீ" என்றார். அந்தத் தட்டு எனக்கு அடி மாதிரி விழுந்தது. அன்றைக்கு மாமா வீட்டுக்குப் போக என் கால் வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பத்து நாள் தள்ளினேன்.

பதினோராம் நாள் பண்ணையாரின் வண்டிக்காரன் வந்தான். "ஐயா கையோட கூட்டியாரச் சொன்னாவ" என்றான். சாரல் முடிகிற வரை பண்ணையார் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். போனால், கட்டிலில் படுத்திருக்கிறார். முழங்காலில் எண்ணெய், பச்சிலை, துணிக்கட்டு. இடது முழங்காலில். பக்கத்தில் அவர் வீட்டம்மா விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏலே ஆசாரி. நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு. நீ தட்டுனது எந்தக் காலு?"

அவர் கேட்ட கேள்வியில் என் கண்ணாடி, சாமி பக்கம் எல்லாம் உடைந்து போயின.

"எடது காலுதான்யா. படத்தைத் திருப்ப மறந்துட்டேன். கோயில்ல வச்சு பயந்து போயி பொய் சொல்லிட்டேன்."

பண்ணையார் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடியும் சாய்ந்தார்.

"எந்திரிக்க முடிஞ்சா ஒன்னை இங்கனயே மிதிப்பேன். எந்தக் காலால மிதிக்கன்னுதான் தெரியல."

வீட்டம்மா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறி குலுங்கியது.

பண்ணையார் விளக்கினார். அவருடைய விளக்கம் இதுதான். "சாமி தகட்டைப் பாத்திருக்காரு. இவன் எடது காலைக் குடுத்திருக்கான், இவனுக்கு எடது கால்ல நோவே இல்லியேன்னு பாத்திருக்காரு. கணக்கு நேராகணும்லா? நோவை அனுப்பி வச்சுட்டாரு."

"அருவிப் பாறையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்க" என்றார் வீட்டம்மா.

"வழுக்க வச்சது யாரு?" என்றார் பண்ணையார்.

இடது காலுக்கு ஏற்கெனவே தகடு போட்டாகிவிட்டது, அது நாலு நாளில் சரியாகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பயமெல்லாம் வலது காலைப் பற்றித்தான். வாக்குக் கொடுத்த கால் வராததால் சாமி வலது முட்டிக்கு நோவைத் திருப்பி அனுப்பிவிட்டால்? ஆடிக் கடைசி வெள்ளிக்குள் அசல் வலது கால் வந்து சேர வேண்டும், வெள்ளியையும் நீயே போட வேண்டும் என்றார். நியாயம்தான். பிறகு ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்கு வியர்த்தது.

"ஒன் கண்ணை நான் இனிமே நம்ப மாட்டேன். ஒன் மாமன் கோயிலுக்கு வந்து, கையில வாங்கிப் பாத்து, இது வலது காலுதான்னு என்கிட்ட சொல்லணும். ஆள் அனுப்பிச் சொல்லிருதேன்."

வெள்ளிக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடித் தண்டை. வடிவுக்கென்று இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, யாருக்கும் சொல்லாமல் செய்து வைத்திருந்தேன். அதை மூசையில் போட்டேன். உருகும்போது பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் பார்க்காமல் உருக்க முடியாதே. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். உலைப் புகை என்று சொல்லலாம், ஆனால் பொய்யால் பட்டது போதும். எடை கொஞ்சம் குறைவு என்பதால் தகட்டை மெல்லிசாக இழுத்தேன்.

இந்தத் தடவை நான் முழு ஜாக்கிரதை. படத்துக் காகிதத்தில் எண்ணெய் தடவி, கோடு மறுபக்கம் தெரிய, திருப்பிப் போட்டேன். சரியா? சரி. பிறகு வெளியே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். தகட்டு முதுகில் ஒரு கால் தெரிகிறது. எந்தக் கால்? இடது கால்! ஐயையோ, மறுபடியும் இடதா என்று பதறி, காகிதத்தைத் திருப்பி வலதாக்கி, அழுத்தி ஒற்றினேன். முதுகில் இடதாக இருந்தால்தான் முகத்தில் வலதாக வரும் என்பதைத்தானே ஊருக்கே சொல்கிறேன்? அந்தப் பதற்றத்தில் அது மண்டையில் இல்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எனக்கு அந்த அண்டா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பயந்து பயந்து, எதையும் நின்று பார்க்காமல் தட்டினேன். கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலையில் நகம் கீறி முடித்தேன். தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. வடிவு.

"அப்பா கொறடை வாங்கியாரச் சொன்னாவ" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். தன் பாவாடையைக் கொஞ்சம் தூக்கித் தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள். மறுபடியும் தகட்டைப் பார்த்தாள். பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு ஏட்டி சிரிக்க?"

"அத்தான், இதுவும் எடது காலு!"

பார்த்தேன். கட்டைவிரல் என்னைப் பார்த்தது.

"ரெண்டு எடது காலோட பண்ணையார் எப்படி நடப்பாவ? நேரா நடக்க முடியாது அத்தான், வட்டமாத்தான் சுத்தணும்!" என்று சொல்லி, தானே அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். நான் பட்டடைக் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"படத்தைத் திருப்பலியா?"

"திருப்பித் திருப்பியே இப்படி ஆயிட்டு. ஒங்க பட்டறையில எனக்கு இந்தத் தொந்தரவே இல்ல. படம் திருப்பித்தான் வரும்."

"அது தானாவா திரும்பி வரும்? நான்தான திருப்பிக் குடுப்பேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. ஒன்பது வருஷம்!

நான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். நாளைக்குக் காலையில் கோயில். அவள் அப்பாவே வந்து பார்க்கப் போகிறார். புதுத் தகடு அடிக்க நேரம் இல்லை. வெள்ளியும் இல்லை, இருந்ததே அவளுடைய தண்டைதான்.

"எந்தத் தண்டை?"

சொன்னேன். அவள் உலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "என் கால்ல கெடக்க வேண்டியது பண்ணையாருக்குக் காலாவே போயிட்டா!" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. உடனே தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தகட்டைக் கையில் வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"தகடு தகடுதான அத்தான்? முகத்தை முதுகாக்குங்க. மேடா இருக்கதையெல்லாம் அந்தப் பக்கமாத் தள்ளிட்டா, முதுகு முகமாயிரும். எடது வலதாயிரும்."

"கிழிஞ்சிரும் ஏட்டி. ஏற்கெனவே மெல்லிசு. தட்டித் தட்டி வெள்ளி வெறச்சுக் கெடக்கு."

"சும்மா தள்ளுனா கிழியும். ரெண்டு தட்டு, ஒரு காய்ச்சல். ரெண்டு தட்டு, ஒரு காய்ச்சல். செவந்து ஆறுனா வெள்ளி மறுபடியும் சொன்ன பேச்சுக் கேக்கும்."

அவள் சொன்னது சரி. ஆனால் முட்டியில் ஒரு கீறல் விட்டால்கூட முடிந்தது. தட்டாமல் விட்டாலும் முடிந்தது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம் என்று முதலில் நினைத்தேன். கையில் இருப்பது ஒரே தகடு, நேரம் ஒரே பகல், அப்போது என்ன செய்வது? செய்கிறதைச் செய்யுங்கள், ஆனால் எப்போதையும்விட மெதுவாகச் செய்யுங்கள். அவசரப்படத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே.

அவள் அறைக் கதவைத் தெருவே பார்க்கும்படி அகலத் திறந்து வைத்துவிட்டுத் துருத்தியில் உட்கார்ந்தாள். தயிர்க்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தாள். வடிவு அவளைப் பார்த்து, "ஒரு காலு திரும்புது, அதான் பாக்கேன்" என்றாள். நான் காய்ச்சினேன், ஆறவிட்டேன், தள்ளினேன். விரல் ஒவ்வொன்றும் உள்ளே போய் அந்தப் பக்கம் தலை நீட்டியது. கட்டைவிரல் சரியான இடத்தில் எழும்பியபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். முட்டி வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். கிழியவில்லை. புது முகத்தில் நகங்களை மறுபடியும் கீறினேன். மத்தியானச் சோற்றுக்கு ஊரில் அடுப்பு அணைகிற நேரத்துக்கு, என் மடியில் ஒரு வலது கால் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயில். பண்ணையார் நடந்தே வந்தார். இடது கால் சரியாகிவிட்டது, நான் சொல்லவில்லையா என்றார். மாமா ஒரு ஓரமாக நின்றார். பண்ணையாரின் ஆள் போய்ச் சொன்னதால் அவருக்கு முதல் கால் கதை முழுக்கத் தெரியும். என்னை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தகட்டை வாங்கினார், பண்ணையாரின் வலது கால் பக்கத்தில் பிடித்தார், விரல் விரலாகப் பார்த்தார். பிறகு தகட்டைத் திருப்பி, முதுகில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். அங்கேயே அவர் விரல் நின்றது.

"சரிதானா?" என்றார் பண்ணையார்.

"வலது காலுதான். வேலை சுத்தம்" என்றார் மாமா.

பண்ணையார் ஒரு கும்பிடு போட்டார், சாமிக்கா மாமாவுக்கா என்று தெரியவில்லை. அவர் உள்ளே போனதும் மாமா என்னை வெளிப் பிராகாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நகக்கீறு முதுகுல கெடக்கு" என்றார். "முகத்துல இருக்க வேண்டிய கீறு முதுகுக்கு எப்படிப் போச்சு?"

தொழில் தெரிந்த விரலிடம் எதை மறைப்பது? ஆனால் வழி இருந்தது, தம்பிகளே. தகட்டைத் திருப்பியது என் யோசனை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். இவ்வளவு பெரிய நெருக்கடியில் இப்படி ஒரு உபாயம் கண்டவன் என்று மாமா அன்றைக்கே வெற்றிலை மாற்றியிருப்பார். உண்மையைச் சொன்னால் அவர் போட்ட நிபந்தனையே போச்சு. என் வீட்டுக் கை படக்கூடாது என்றல்லவா சொன்னார்? பட்டது அவர் வீட்டின் ஒரே பெண்ணின் கை. செங்கோட்டைக் குமாஸ்தாவின் வெள்ளைச் சட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்து ஆடியது. இதே கோயிலில்தான் ஒரு மாதம் முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. இந்தத் தடவை அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமா, ரெண்டாவது காலையும் எடதாத்தான் தட்டினேன். திருப்பித் தள்ளச் சொன்னது வடிவு. துருத்தி போட்டதும் அவதான். அவ வராட்டா நான் இன்னைக்கு இங்கன வந்திருக்கவே மாட்டேன். நீங்க சொன்ன மாதிரி நான் தனியாச் செய்யல."

சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. பெண்ணும் போச்சு, பட்டறையும் போச்சு, ஆனால் லேசாக இருந்தது. மாமா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதோ என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர் திரும்பினார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு தடவையும் எடதா?" என்றார். "ரெண்டு தடவையுமாலே?"

"ஆமா மாமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தைப் பழையபடி கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார்.

"செங்கோட்டைக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோ. என் மகளை நான் ஒனக்குத் தரலலே. ஒன்னைய அவகிட்ட ஒப்படைக்கேன்."